பயிர் வட்டங்களை வரைவது யார்? ஒரு விவாத அணிக்கு எழுதிய பதில்

கொழும்புப் பாடசாலை ஒன்றின் தமிழ் விவாத அணியிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். "பயிர் வட்டங்கள் வேற்றுக்கிரகவாசிகளின் கைவண்ணமே" என்பது அடுத்த சுற்றில் அவர்களுக்கு வந்திருக்கும் தலைப்பு. ஆதரித்துப் பேசுவதா, எதிர்த்துப் பேசுவதா என்பது நாணயம் சுண்டிய பிறகுதான் தெரியும் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஆயத்தமாக வேண்டுமாம். அவர் கேட்பவை நான்கு. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான வட்டங்களை மனிதரால் செய்ய முடியுமா? வட்டத்துக்குள் கிடந்த தண்டுகளில் காணப்பட்ட மாற்றங்கள் எப்படி வந்தன? நாம் விண்வெளிக்கு அனுப்பிய செய்திக்கு இங்கிலாந்து வயல் ஒன்றில் பதில் வந்தது என்கிறார்களே, அது என்ன? இரண்டு முதியவர்கள் "நாங்கள்தான் செய்தோம்" என்று சொன்னதால் எல்லா வட்டங்களுக்கும் விளக்கம் கிடைத்துவிடுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலில் பயிர் கோலமாகப் படுத்துக் கிடக்கும் பயிர் வட்டங்கள் மனிதர் செய்தவை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "மனிதரால் செய்ய முடியும்" என்று காட்டினால் மட்டும் போதும் என்று நினைத்து மேடையேறினால் தோற்றுப்போவீர்கள். "முடியும் என்பதால் செய்தார்கள் என்று ஆகிவிடுமா?" என்று எதிரணி கேட்கும், அது நியாயமான கேள்வி. அதற்கு விடை அந்த வட்டங்களின் வரலாற்றில் இருக்கிறது. அவை எங்கே தோன்றின, எப்போது தோன்றின, எந்த வரிசையில் வளர்ந்தன என்று பார்த்தால் ஒவ்வோர் இடத்திலும் மனிதப் பழக்கத்தின் தடம் தெரிகிறது. உங்கள் வாதத்தை அந்தத் தடத்தின்மீது கட்டுங்கள்.

நான் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பித்தவன். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். பிறந்தது மட்டக்களப்பின் படுவான்கரையில். அப்பா வயல் செய்தவர். விழுந்த பயிரைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்தப் பொருளில் எனக்கு ஒரு தனி அக்கறை உண்டு. அதனால்தான் பதில் நீள்கிறது.

வட்டமான அடையாளம் வயலில் இயற்கையாகத் தோன்றாது என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். கிழக்கில் நாங்கள் அறக்கொட்டியான் என்று சொல்லும் பூச்சியை விவசாயத் திணைக்களத்தார் கபில நிறத் தத்தி என்பார்கள். அது ஓரிடத்தில் இறங்கி, தண்டின் அடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பச்சை வயலின் நடுவே முதலில் பாய் அளவில் ஒரு மஞ்சள் திட்டுத் தெரியும். பிறகு அது வெளிப்புறமாகப் பரந்து, நடுப்பகுதி கருகிப் பழுப்பாகி, வரம்பில் நின்று பார்ப்பவருக்கு யாரோ வட்டமாகத் தீ வைத்ததுபோலத் தோன்றும். அந்த இடத்தில் இறங்கித் தண்டை விரித்துப் பார்த்தால்தான் பூச்சி தெரியும். மேலிருந்து பார்த்தால் வட்டம் மட்டும்தான் தெரியும். யூரியா மிஞ்சிய வயலிலும் நெருக்கி விதைத்த வயலிலும் இது கூடுதலாக வரும். காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் கதிர் முற்றிய பயிர் சாய்ந்து படுத்துவிடும். அதிலும் சுழி போன்ற அமைப்புகள் உண்டு. காட்டு யானை இறங்கினால் மிதித்த பாதை வேறு விதமாக இருக்கும். இவற்றில் எதற்கும் கூர்மையான விளிம்பு இருக்காது. வட்டத்துக்கு வெளியே ஒரு பயிர் நிமிர்ந்து நிற்க, அதை ஒட்டியே அடுத்த பயிர் ஒரே திசையில் சீவிவிட்டதுபோலப் படுத்துக் கிடப்பது காற்றின் வேலை அல்ல. பூச்சியின் வேலையும் அல்ல. அந்த விளிம்பைக் கண்டவர்கள் "இது அறிவுள்ள ஒருவரின் செயல்" என்று முடிவு செய்தது சரிதான். அந்த ஒருவர் யார் என்பதில்தான் வழி பிரிகிறது.

எதிரணி பழைய சான்றுகளைக் கொண்டுவரும். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் நடந்ததாகச் சொல்லி 1678ஆம் ஆண்டு அச்சான ஒரு துண்டுப் பிரசுரம் அவற்றில் முதன்மையானது. ஒரு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் ஓட்ஸ் அறுவடைக் கூலியில் தகராறு வந்ததாம். "உனக்குக் கொடுப்பதைவிடப் பிசாசே வந்து அறுக்கட்டும்" என்றாராம் விவசாயி. அன்றிரவு வயல் தீப்பற்றியதுபோல் ஒளிர்ந்து, விடிந்தபோது பயிர் வட்டம் வட்டமாக அறுக்கப்பட்டுக் கிடந்ததாம். கவனியுங்கள், அங்கே பயிர் அறுக்கப்பட்டது. இன்றைய பயிர் வட்டத்தில் பயிர் அறுக்கப்படுவதில்லை, மடித்துப் படுக்கவைக்கப்படுகிறது. கூலியை மறுப்பவனுக்கு எச்சரிக்கையாகச் சொன்ன கதை அது. வயல் ஆய்வு அறிக்கை அல்ல. 1880இல் 'நேச்சர்' விஞ்ஞான இதழுக்கு ஜான் ராண்ட் கேப்ரன் என்பவர் எழுதிய கடிதம் இதைவிட மதிப்புள்ளது. புயலுக்குப் பிறகு சரே பகுதிக் கோதுமை வயல்களில் வட்டத் திட்டுகளைக் கண்டதாக அவர் எழுதினார். காரணம் காற்று என்றே அவர் கருதினார். அதை நான் ஏற்கிறேன்.

இன்றைய கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. 1966 ஜனவரியில் குவீன்ஸ்லாந்தின் டலி என்ற ஊருக்கு அருகே, சதுப்பு நிலத்திலிருந்து தட்டு வடிவப் பொருள் ஒன்று எழுந்து போனதைக் கண்டதாக ஒரு விவசாயி சொன்னார். அங்கே நாணல் வட்டமாகச் சுழன்று படுத்திருந்தது. செய்தித்தாள்கள் அதற்குப் "பறக்கும் தட்டின் கூடு" என்று பெயர் வைத்தன. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் டக் பவர் அந்தச் செய்தியை மறக்கவில்லை. சவுதாம்ப்டனுக்குத் திரும்பிய பிறகு, நண்பர் டேவ் சோர்லியுடன் 1970களின் நடுப்பகுதியில் ஒரு கோடைகால வெள்ளிக்கிழமை இரவு வயலில் இறங்கினார். நோக்கம், பறக்கும் தட்டு இறங்கியதாக ஊரை நம்பவைப்பது. முதலில் ஓர் இரும்புக் கம்பி. பிறகு இரு முனையிலும் கயிறு கட்டிய பலகை. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையைக் காலால் மிதித்து முன்னேறினால் பயிர் ஒடியாமல் படுக்கும். இருட்டில் நேர்கோட்டில் நடப்பதற்குத் தொப்பியின் விளிம்பில் ஒரு கம்பி வளையத்தைத் தொங்கவிட்டு, அதன் வழியாகத் தொலைவில் உள்ள ஓர் அடையாளத்தைப் பார்த்தபடியே நடந்தார்கள்.

சில ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தகவலை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1981இல் வின்செஸ்டருக்கு அருகே, சாலையிலிருந்து கீழே கிண்ணம் போலத் தெரியும் ஒரு பள்ளத்தாக்கு வயலைத் தேர்ந்தெடுத்துச் செய்தபோதுதான் செய்தியானது. அதன் பிறகு அவர்கள் இடம் தேர்ந்தெடுத்த விதமே மாறியது. வானிலை ஆய்வாளர் டெரன்ஸ் மீடன் இவற்றைச் சுழல்காற்றின் விளைவு என்று விளக்கினார். காற்று செய்ய முடியாத சிக்கலான கோலங்களுக்கு இருவரும் மாறினார்கள். கோட்பாடு வந்த பிறகு வட்டம் அதை மீறுவதும், மீறிய வட்டத்துக்குப் புதிய கோட்பாடு வருவதும் ஏறத்தாழப் பத்தாண்டு நடந்தது. செய்தித்தாளைப் படித்துப் பதில் சொல்லும் வட்டம் அது. 1991 செப்டம்பரில் 'டுடே' என்ற ஆங்கில நாளிதழில் இருவரும் உண்மையைச் சொன்னபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள்.

அவர்கள் வாயால் சொன்னதோடு நின்றிருந்தால் "விளம்பரத்துக்காகப் பொய் சொன்னார்கள்" என்று தள்ளிவிடலாம். பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அவர்கள் ஒரு வட்டம் செய்தார்கள். பயிர் வட்ட ஆய்வில் அப்போது புகழ்பெற்றிருந்த பாட் டெல்காடோ அழைக்கப்பட்டார். மனிதரால் இது ஆகாது என்று அவர் சொன்ன பிறகே உண்மை அவருக்குக் கூறப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 1990 ஜூலையில், தென் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இரவு பகலாகக் கமராக்களை நிறுத்தி ஒரு பெரும் காவல் நடந்தது. பிபிசியும் ஜப்பானியத் தொலைக்காட்சியும் அதில் பங்கெடுத்தன. ஒரு காலையில் வட்டங்கள் தோன்றின, உலகுக்கு அறிவிப்பும் போய்விட்டது. அருகே சென்று பார்த்தபோது வட்டங்களின் நடுவே ஒரு மேசை விளையாட்டுப் பலகையும் மரச் சிலுவையும் வைக்கப்பட்டிருந்தன. உங்கள் நாலாவது கேள்விக்கு இங்கேதான் பதில். இருவரும் எல்லா வட்டங்களையும் செய்யவில்லை. அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் "உண்மையான வட்டத்தை நிபுணர் பார்த்தால் போலியிலிருந்து பிரித்தறிவார்" என்ற அடித்தளம் அந்த இரு நிகழ்வுகளோடு இடிந்துபோனது. பிரித்தறியும் முறை இல்லையென்றால், "சில போலி, மற்றவை உண்மை" என்று சொல்வதற்கு எதிரணியிடம் ஆதாரம் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு, ஒரே இரவில் நூற்றுக்கணக்கான வட்டங்கள் என்பதற்கு வருவோம். 2001 ஆகஸ்டில் வில்ட்ஷயரின் மில்க் ஹில் குன்றில், ஆறு கைகள் சுழலும் வடிவில், 409 வட்டங்களோடு, ஏறத்தாழ 240 மீற்றர் குறுக்களவில் ஒரு கோலம் தோன்றியது. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் எனக்கும் மூச்சு நின்றுவிடும். கணக்கைப் போடுங்கள். ஆகஸ்ட் நடுவில் அங்கே இருள் ஏறக்குறைய ஆறு மணி நேரம். பத்துப் பேர் இறங்கினால் ஆளுக்கு 41 வட்டம். ஒன்றுக்கு ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் உள்ளவை மிகப் பெரியவை, நேரம் எடுக்கும். ஆனால் கைகளின் ஓரங்களில் உள்ள சிறியவை ஒருவர் நின்று சுற்றினால் முடிந்துவிடும் அளவு. மையத்தில் ஒரு முளை, அதில் ஒரு நாடா, கையில் அளவு குறித்த வரைபடம், காலடியில் பலகை. செய்தவர் யார் என்பது பொதுவெளியில் உறுதிப்படவில்லை. பயிரைச் சேதப்படுத்துவது அங்கே குற்றம். 2000ஆம் ஆண்டில் ஒருவர் இதற்காக நீதிமன்றத்தில் அபராதம் கட்டினார். பெயரைச் சொல்லாமல் இருக்க அதுவே போதிய காரணம்.

ஸ்டோன்ஹெஞ்ச் என்ற தொல்கல் வட்டத்துக்கு எதிரே 1996 ஜூலையில் தோன்றிய 151 வட்டச் சுருளைப் பற்றி, "விமானி போனபோது இல்லை, முக்கால் மணி நேரத்தில் திரும்பியபோது பட்டப்பகலில் இருந்தது" என்று சொல்வார்கள். முந்திய இரவே மூன்று பேர் செய்தது அது என்று வட்டம் செய்யும் கலைஞர் ஒருவர் பின்னர் விளக்கினார். இல்லாததை ஒருவர் கவனித்தாரா, இருந்ததைக் கவனிக்கவில்லையா என்பது வேறு வேறு. கீழே பயிரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பறந்து போகும் விமானியின் நினைவு முதலாவதற்குச் சாட்சி ஆகாது.

திறமை போதுமா என்ற சந்தேகத்தைப் போட்டி வைத்தே தீர்த்தார்கள். 1992 ஜூலையில் தென் இங்கிலாந்தில் 3,000 பவுண்ட் பரிசோடு வட்டம் செய்யும் இரவுப் போட்டி நடந்தது. வென்றவர்கள் ஹெலிகொப்டர் நிறுவனம் ஒன்றின் மூன்று பொறியியலாளர்கள். கயிறு, பிவிசி குழாய், பலகை, இரண்டு ஏணி ஆகியவையே அவர்களுடைய கருவிகள். கோலத்தைக் கெடுக்காமல் நடுவில் இறங்குவதற்கு ஏணி எவ்வளவு எளிய வழி என்று பாருங்கள். 2013 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சலினாஸ் அருகே தோன்றிய வட்டத்தை உலகமே பார்த்தது. சில நாட்களில் என்விடியா நிறுவனம் தனது புதிய கணினிச் சில்லு ஒன்றின் விளம்பரத்துக்காகச் செய்வித்தது என்று தெரிந்தது. அதற்குள் 192 என்ற எண் பார்வையற்றோருக்கான பிரெய்லி எழுத்தில் இருந்தது. அந்தச் சில்லுக்குள் கணக்குப் போடும் கருக்களின் எண்ணிக்கை அது.

வட்டக்காரர் வயலுக்குள் தடமில்லாமல் எப்படிப் போகிறார் என்பது நம் ஊரில் வயல் பார்த்தவருக்குப் புரியாது. சேற்றில் கால் வைத்தால் மறுநாள் வரை தடம் சொல்லும். ஆனால் அங்கே கோதுமை காய்ந்த நிலத்தில் நிற்கும். வில்ட்ஷயரின் மண்ணுக்கடியில் சுண்ணக்கல். மருந்து தெளிக்கும் டிராக்டர் ஓடுவதற்காக விதைக்கும்போதே விட்ட இணைச் சுவடுகள் வயல் முழுவதும் நேர்கோடாக ஓடும். அதன்மேல் நடந்து போனால் ஒரு பயிரும் சாயாது. வான்படங்களைப் பாருங்கள், அந்தச் சுவடுகள் தொடாத பெரிய கோலம் அரிது. நெல் வயலில் ஆகாது என்றும் இல்லை. 2011 ஜனவரியில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவுக்கு அருகே ஸ்லெமானில் நெல் வயலில் ஒரு கோலம் தோன்றி ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்நாட்டின் அப்போதைய விண்வெளி நிறுவனமான லாபான் ஆராய்ந்து, மனிதர் செய்தது என்றது.

2002இல் இங்கிலாந்தில் தோன்றிய வட்டங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அவை சாலைகளுக்கு அருகிலும், ஓரளவுக்கு மேல் மக்கள் வாழும் பகுதிகளிலும், ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி போன்ற தொல்சின்னங்களை ஒட்டியும் குவிந்திருந்தன. நட்சத்திரங்களைத் தாண்டி வருபவருக்குக் கார் நிறுத்த வசதி எதற்கு? இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பரம்பலைப் பார்த்துக் காரணத்தைத் தேடுவது நல்ல விஞ்ஞான முறை. நோய் பரவலை ஆராய்பவரும் அதையே செய்கிறார்.

தண்டுக்கு வருகிறேன். உங்கள் எதிரணியின் வலுவான ஆயுதம் இதுதான். 1994இல் டபிள்யூ. சி. லெவன்குட் என்ற அமெரிக்க உயிர்ப்பௌதிகவியலாளர், தாவர உடற்றொழிலியல் இதழ் ஒன்றில், வட்டத்துக்குள் கிடந்த தண்டுகளின் கணுக்கள் நீண்டிருப்பதாகவும் சிலவற்றில் வெடிப்புத் துளைகள் இருப்பதாகவும் எழுதினார். நுண்ணலை போன்ற வெப்பம் கணுவிலுள்ள நீரை விரியச் செய்தது என்பது அவருடைய கருத்து. முறையான இதழில் வந்த கட்டுரை என்று மேடையில் சொல்வார்கள், அது உண்மை. குறை எங்கே என்றால், எந்தத் தண்டு வட்டத்துக்குள் எடுத்தது, எது வெளியே எடுத்தது என்று தெரிந்துகொண்டே அளந்தார்கள். படுத்த பயிருக்கு ஒப்பாக, பலகையால் படுக்கவைத்துச் சில நாள் விட்ட பயிரை அருகே வைத்து ஒப்பிடவும் இல்லை. 2005இல் மூன்று இத்தாலிய ஆய்வாளர்கள் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து இந்தக் குறைகளைச் சுட்டினார்கள்.

கணு ஏன் மாறுகிறது என்பது உங்கள் உயர்தர உயிரியல் பாடத்திலேயே இருக்கிறது. புல்லினத் தாவரத்தின் தண்டு கிடையாக விழுந்ததும் கணுவின் கீழ்ப்பக்கத்தில் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் கூடிச் சேரும். அந்தப் பக்கக் கலங்கள் நீளும், மேல்பக்கம் அப்படியே இருக்கும். அதனால் தண்டு கணுவில் மடங்கி மேலே எழும். புவித்திருப்பம் என்று படித்தது இதுதான். மழையில் விழுந்த எங்கள் வயலில் இரண்டொரு நாளில் கதிர்க் காம்புகள் நிலத்திலிருந்து எழும்புவதைக் கண்டிருக்கிறேன். கணுவைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சுருங்கி, முழங்கை மடக்கியதுபோல இருக்கும். அதை அளவுகோலில் வைத்தால் நிமிர்ந்து நின்ற பயிரின் கணுவைவிட நீளம் கூடுதல்தான். எந்த நுண்ணலையும் அங்கே வரவில்லை. பெரும்பாலான மாதிரிகள் வட்டம் தோன்றிச் சில நாட்களுக்குப் பிறகுதான் எடுக்கப்படுகின்றன. அதற்குள் தாவரம் தன் வேலையைச் செய்துவிடுகிறது.

நீங்கள் மூன்றாவதாகக் கேட்ட, வானியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு மிகவும் பிடித்த சில்போல்டன் கதைக்கு வருவோம். 1974 நவம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைகாட்டியிலிருந்து எம்13 என்ற விண்மீன் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பப்பட்டது. 0, 1 ஆகிய இரண்டே குறிகளாலான 1,679 இலக்கங்கள், 23ஐ 73ஆல் பெருக்கினால் வரும் எண். இரண்டும் முதன்மை எண்கள் என்பதால் பெறுபவர் அதைச் செவ்வகமாக அடுக்க இரண்டே வழிதான் உண்டு, அவற்றில் ஒன்றுதான் படமாகும். அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அந்தச் செய்தியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். 2001 ஆகஸ்டில் தென் இங்கிலாந்தின் சில்போல்டன் வானொலி நிலையத்துக்கு அடுத்த வயலில், அதே அமைப்பில், உயிருக்கான மூலகங்களின் பட்டியலில் சிலிக்கனைச் சேர்த்து, மனித உருவத்தை மாற்றி ஒரு கோலம் தோன்றியது. அருகிலேயே ஒரு முகமும் இருந்தது.

எம்13 ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 2001இல் நம் செய்தி 27 ஒளியாண்டுதான் போயிருந்தது. "வழியிலேயே கேட்டிருக்கலாமே" என்பார்கள். சரி, 27 ஆண்டில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் பதினான்கு ஒளியாண்டுக்குள் அவர்கள் இருக்க வேண்டும். செய்தி ஒரு சிறு கோணத்தில் எம்13ஐ நோக்கிப் போன கற்றை. அந்தக் கோட்டில் அத்தனை அருகில் அவர்கள் இருக்க வேண்டும். இருந்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், 25 மீற்றர் அகல அலைவாங்கி இயங்கிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்து, வானொலியில் பேசாமல் கோதுமையை மடித்துவிட்டா போவார்கள்? அலையில் வந்த செய்திக்கு அலையில் பதில் சொன்னால் உலகத்தின் எந்த ஆய்வுகூடமும் பதிவு செய்து சரிபார்க்கும். வயலில் எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத வழியையே எப்போதும் தேர்ந்தெடுக்கும் சாட்சியை நீதிபதி நம்பமாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த வட்டம் 2008 ஜூனில் பார்பரி காசில் அருகே தோன்றியது. வெளிநோக்கிச் சுழலும் படிகளில் பை என்ற மாறிலியின் பத்து இலக்கங்கள் பொதிந்திருந்தன. ஒரு வானியற்பியலாளர் அதைக் கண்டு சொன்னார். அழகான வேலை. ஆனால் அது சொன்ன எண் 3.141592654. உண்மையில் பையின் விரிவு 3.14159265358 என்று போகிறது. கடைசி இலக்கம் 3ஆக இருக்க வேண்டிய இடத்தில் 4 இருக்கிறது, ஏனென்றால் அடுத்தது 5 என்பதால் முழுதாக்கியிருக்கிறார்கள். பத்து இலக்கம் காட்டும் கணிப்பானின் திரையில் நாம் பார்ப்பது அப்படியேதான். பத்தை அடியாகக் கொண்டு எண்ணுவது நம் கைகளில் பத்து விரல் இருப்பதால் வந்த பழக்கம். கடைசி இலக்கத்தை ஏற்றுவது நம் பள்ளிக்கூட வழக்கம். இரண்டும் அந்த வயலில் ஒன்றாகக் கிடந்தன. தடம் என்று நான் சொன்னது இதைத்தான். நடுவர்களிடம் இதை மெதுவாக, எண்ணைப் பலகையில் எழுதிக் காட்டிச் சொல்லுங்கள்; அவர்கள் மறக்கமாட்டார்கள்.

இலங்கை உதாரணம் ஒன்றும் வரலாம். 2012 டிசம்பரில் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லுக்குள் டயட்டம் என்ற நுண்பாசிகளின் எச்சம் இருப்பதாகவும், அது பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்குச் சான்று என்றும் கொழும்பில் பிறந்த பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்கவின் குழு 2013இல் எழுதியது. அவர் பெரிய வானியலாளர். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவற்றில் தெரிந்தவை இன்றும் நன்னீரில் வாழும் இனங்கள் என்றும், கல் விண்கல் என்பதே உறுதியாகவில்லை என்றும் மற்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். கேள்வி அங்கேயும் இதுதான்: இந்த அடையாளம் பூமியிலிருந்தே வந்திருக்க வழி உண்டா? உண்டென்றால், அந்த வழியை மூடாமல் வானத்துக்குப் போகக் கூடாது.

நாணயம் ஆதரிக்கும் பக்கம் விழுந்துவிட்டால் என்ன செய்வது? பொய் சொல்லாமலும் நன்றாகப் பேசலாம். நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே 5,000க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதிப்பட்டிருக்கின்றன, உயிருக்கான மூலப்பொருள்கள் விண்வெளியில் தாராளமாக இருக்கின்றன, ஒரு நாகரிகம் நம்மைத் தேடினால் கோலத்தின் வழியாகவே தன் அறிவைக் காட்டக்கூடும் என்று தொடங்குங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒப்புதல் வாக்குமூலம் இல்லை என்பதை வலியுறுத்துங்கள். ஆனால் தண்டையும் சில்போல்டனையும் தொடாதீர்கள். எதிரணியில் ஒருவர் இந்த விபரங்களை அறிந்திருந்தால் அங்கேயே வீழ்வீர்கள். தொலைவைப் பற்றியும் ஆயத்தமாக இருங்கள். 1977இல் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது; அந்த வேகத்தில் அடுத்த விண்மீனின் தூரத்தைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். வெளியே உயிர் இருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன், ஆசையோடு நினைக்கிறேன். கட்டுபெத்தவில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டியைப் பற்றிப் பேசும்போது என் மாணவர்களின் கண்களில் கண்ட ஒளியை நான் அணைக்க விரும்பவில்லை. அந்த ஆசைக்குத் தீனி கோதுமை வயலில் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு அணிகளும் மறந்துபோகும் ஒருவர் இருக்கிறார். வயலின் சொந்தக்காரர். படுத்த பயிரை இயந்திரம் சரியாக அறுக்காது. படுத்த கதிரில் ஈரம் பிடித்தால் மணி முளைத்துவிடும். வட்டத்தைவிட அதைப் பார்க்க வருபவர்கள் மிதிப்பது அதிகம். சில விவசாயிகள் வாசலில் உண்டியல் வைத்து வருபவரிடம் ஏதோ பெறுகிறார்கள். சிலர் செய்தி பரவும் முன்பே அந்தப் பகுதியை அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். அறுவடைக்கு முந்திய இரவு மழை பெய்தால் விடிய விடிய உறங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவை எனக்குத் தெரியும். ஒருவர் தன் கலைக்காக இன்னொருவரின் முற்றிய பயிரை இரவில் மிதிக்கிறார் என்ற உண்மையை "விண்வெளி அதிசயம்" என்ற சொல் மறைத்துவிடுகிறது. அது என்னைக் கோபப்படுத்துகிறது. எதிர்த்துப் பேசும் பக்கம் கிடைத்தால் உங்கள் மூன்றாவது பேச்சாளருக்கு இதைக் கொடுங்கள்.

தண்டு விஷயத்தை மேடைக்கு முன் நீங்களே செய்து பார்த்துவிடுங்கள். கோதுமை தேவையில்லை. கால்வாய்க் கரையில் ஆளுயரத்துக்கு வளரும் கினிப்புல்லில் ஒரு தூரை வேரோடும் மண்ணோடும் கிளப்பி இரண்டு சாடிகளில் பிரித்து நடுங்கள். அது வேர் பிடித்து நிமிர்ந்ததும் ஒரு சாடியைக் கிடையாகப் படுக்க வைத்து, மற்றதை நிமிர்த்தியே விடுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். மூன்று நாள் கழித்து, எந்தச் சாடியிலிருந்து வெட்டியது என்று தெரியாத ஒருவரைக் கொண்டு கணுக்களின் இரு பக்கத்தையும் மில்லிமீற்றரில் அளந்து எழுதச் சொல்லுங்கள். அளப்பவருக்குச் சாடியைக் காட்டக் கூடாது, அது முக்கியம். வெட்டிய தண்டுகளை ஈரத் துணியில் சுற்றி மேடைக்கும் கொண்டு போகலாம்.